உடுத்தாத ஆடைகளும் மறுமைக் கணக்கும்

 



சில மாதங்களுக்கு முன்பு நம் மஹல்லாவில் ஒரு தாயார் மௌத்தாகிவிட்டார்கள். அடக்கம் முடிந்து சில நாட்களுக்குப் பின் அவர்களுடைய மகன் என்னிடம் ஒரு மஸ்அலா கேட்க வந்தார்.

"ஹஜ்ரத், உம்மாவோட பீரோவைத் திறந்து பார்த்தோம். மடிப்புக் கலையாத புடவை பதினேழு இருக்கு. நாலஞ்சுல கடை ஸ்டிக்கர்கூட எடுக்கலை. நாங்க பெருநாளைக்கும் கல்யாணத்துக்கும் எடுத்துக் கொடுத்ததுதான் எல்லாம். ஆனா உம்மா வீட்டில மூணு பழைய புடவையைத்தான் மாத்தி மாத்திக் கட்டிட்டு இருந்தாங்க. கேட்டா, 'நல்ல புடவை, இருக்கட்டும்'னு சொல்வாங்க. இதையெல்லாம் இப்ப நாங்க என்ன செய்யணும்?"

மஸ்அலா எளிதானதுதான். ஒருவர் மௌத்தாகிவிட்டால் அவர் விட்டுச் சென்ற ஊசி நூல்கூட வாரிசுகளின் சொத்தாகிவிடுகிறது. வாரிசுகள் எல்லோரும் பருவமடைந்தவர்களாக இருந்து, எல்லோரும் மனமொப்பிச் சம்மதித்தால், அந்தத் துணிகளை உம்மாவின் பெயரால் தர்மம் செய்யலாம். இதைச் சொல்லி அனுப்பினேன்.

அவர் போன பிறகும் அந்தப் பதினேழு புடவைகள் என் மனதை விட்டுப் போகவில்லை. அந்தத் தாய் ஆடம்பரக்காரர் அல்லர். பெருமையடிக்க வாங்கிக் குவித்தவரும் அல்லர். எளிமையாக வாழ்ந்தவர். ஆனாலும் அந்தப் புடவைகளை அவர் உடுத்தி மகிழவும் இல்லை. தன் கையால் ஓர் ஏழைப் பெண்ணுக்குக் கொடுத்து நன்மை தேடிக்கொள்ளவும் இல்லை. இரண்டும் இல்லாமல் அவை பீரோவில் காத்திருந்தன. கடைசியில் பிறர் சொத்தாகிவிட்டன.

அன்று இரவு நான் என் பீரோவைத் திறந்து பார்த்தேன். உடுத்தாத ஜிப்பாக்கள் என்னிடமும் இருந்தன. ஆகவே இன்றைய நசீஹத் முதலில் எனக்கு, பிறகுதான் உங்களுக்கு.

ஆடை எதற்காக அருளப்பட்டது?

ஆடை அல்லாஹ்வின் நிஃமத்துகளில் ஒன்று. அல்அஃராஃப் அத்தியாயத்தின் 26வது வசனத்தில் அல்லாஹு தஆலா ஆதமுடைய மக்களை அழைத்து, ஆடையின் இரண்டு பயன்களைச் சொல்கிறான். ஒன்று, மானத்தை மறைப்பது. இரண்டு, அலங்காரம். அதோடு, எல்லா ஆடைகளையும்விடச் சிறந்தது தக்வா எனும் ஆடைதான் என்றும் நினைவூட்டுகிறான்.

இந்த இரண்டு பயன்களையும் கவனியுங்கள். உடலில் இருக்கும் ஆடைதான் மானத்தை மறைக்கும். உடலில் இருக்கும் ஆடைதான் அழகு தரும். பீரோவில் இருக்கும் துணி எதை மறைக்கிறது? யாரை அலங்கரிக்கிறது?

நபி (ஸல்) அவர்கள் புதிய ஆடை அணியும்போது, தலைப்பாகையோ சட்டையோ மேலாடையோ, அதன் பெயரைச் சொல்லி அல்லாஹ்வைப் புகழ்வார்கள். பிறகு அந்த ஆடையின் நன்மையையும், அந்த ஆடை எதற்காகத் தயாரிக்கப்பட்டதோ அதன் நன்மையையும் அல்லாஹ்விடம் கேட்பார்கள். அவற்றின் தீங்கை விட்டும் பாதுகாப்புத் தேடுவார்கள். அபூஸயீத் அல்குத்ரீ (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்தச் செய்தி அபூதாவூதிலும் திர்மிதியிலும் உள்ளது.

இந்த துஆவை நம் பிள்ளைகள் மதரஸாவில் மனப்பாடம் செய்கிறார்கள். அதன் பொருளை நாம் யோசிக்கிறோமா? ஒவ்வோர் ஆடையும் ஒரு வேலைக்காகத் தயாரிக்கப்பட்டிருக்கிறது. பருத்தி விளைவித்தவர், நூல் நூற்றவர், தறியில் நெய்தவர், சாயம் போட்டவர், தைத்தவர் எல்லோருடைய உழைப்பும் அந்த ஒரு வேலைக்காகத்தான். அந்த வேலையை அது செய்யவே இல்லை என்றால், நாம் கேட்ட நன்மை எப்படி வந்து சேரும்?

எது நம்முடைய சொத்து?

அப்துல்லாஹ் இப்னு ஷிக்கீர் (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் வந்தபோது, அவர்கள் அத்தகாஸுர் அத்தியாயத்தை ஓதிக்கொண்டிருந்தார்கள். அதிகமாகச் சேர்க்கும் ஆசை மனிதனைக் கப்ர் வரை பராக்காக்கிவிடுகிறது என்று எச்சரிக்கும் அத்தியாயம் அது. அதன் கடைசி வசனம், நமக்குத் தரப்பட்ட அருட்கொடைகளைப் பற்றி நாம் கண்டிப்பாக விசாரிக்கப்படுவோம் என்று முடிகிறது.

அப்போது நபியவர்கள் சொன்னதன் கருத்து இது: மனிதன் என் சொத்து, என் சொத்து என்று சொல்லிக்கொண்டிருக்கிறான். ஆனால் அவனுக்கென்று இருப்பவை மூன்றுதான். அவன் தின்று தீர்த்தது, உடுத்திக் கிழித்தது, தர்மம் செய்து முன்கூட்டியே அனுப்பி வைத்தது. (முஸ்லிம்)

அபூஹுரைரா (ரலி) அவர்கள் வழியாக வரும் அறிவிப்பில், இவை தவிர மற்றதையெல்லாம் அவன் மக்களுக்கு விட்டுவிட்டுப் போய்விடுவான் என்ற கருத்தும் சேர்ந்து வருகிறது.

சகோதரர்களே! ஆடையைப் பற்றி இந்த ஹதீஸ் சொல்லும் அளவுகோலைப் பாருங்கள். வாங்கியது உன்னுடையது என்று நபியவர்கள் சொல்லவில்லை. உடுத்திப் பழசாக்கியதுதான் உன்னுடையது. எத்தனை ஆடை வைத்திருக்கிறோம் என்பதைவிட, ஒவ்வோர் ஆடையையும் எத்தனை தடவை உடுத்தினோம் என்பதே நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

இதே அளவுகோலில் இன்னொரு ஹதீஸும் வருகிறது. ஒரு வீட்டில் கணவனுக்கு ஒரு படுக்கை, மனைவிக்கு ஒரு படுக்கை, விருந்தாளிக்கு மூன்றாவது. நான்காவது ஷைத்தானுக்கு உரியது என்ற கருத்தில் நபியவர்கள் கூறியதாக ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். (முஸ்லிம்) பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் படுக்கை வேண்டும். எண்ணிக்கை இங்கே நோக்கமில்லை என்று உலமாக்கள் விளக்குகிறார்கள். யாருக்குப் பயன்படுகிறது என்று நம்மால் ஒரு பெயரைச் சொல்ல முடியாத பொருள்தான் அந்த நான்காவது படுக்கை. நம் பீரோவில் எத்தனை நான்காவது படுக்கைகள் இருக்கின்றன?

ஓடாத சரக்கு

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யா உலூமித்தீனில் முஹாஸபா, அதாவது சுயக்கணக்கு, பற்றித் தனிப் பகுதியே எழுதியிருக்கிறார்கள். ஒரு வியாபாரி தன் கூட்டாளியிடம் கணக்குக் கேட்பதைப் போல மனிதன் தன் நஃப்ஸிடம் கணக்குக் கேட்க வேண்டும் என்பது அவர்கள் தரும் உதாரணம்.

நம்மில் பலர் வியாபாரிகள். கடையில் எந்தச் சரக்கு ஓடுகிறது, எது ஓடாமல் முடங்கிக் கிடக்கிறது என்று கேட்டால் உடனே சொல்வீர்கள். ஓடாத சரக்கில் முடங்கிய பணத்தை நினைத்து இரவில் தூக்கம் வராது. ஆனால் வீட்டில் இருக்கும் ஓடாத சரக்கை யாரும் கணக்கெடுப்பதில்லை.

கணக்கெடுப்பது கடினமில்லை. மூன்று வழிகள் சொல்கிறேன். உங்களுக்கு எது வசதியோ அதைச் செய்யுங்கள்.

முதலாவது, ஹேங்கரில் தொங்கும் துணிகளுக்கு. இன்று வீட்டுக்குப் போனதும் எல்லா ஹேங்கரின் கொக்கியையும் வழக்கத்துக்கு மாறாக வெளிப்பக்கம் பார்த்துத் திருப்பி மாட்டுங்கள். ஓர் ஆடையை உடுத்தித் துவைத்து மறுபடி மாட்டும்போது கொக்கியை நேராக மாட்டுங்கள். சில மாதங்கள் கழித்துப் பாருங்கள். இன்னும் திரும்பியபடியே இருக்கும் ஹேங்கர்கள் உங்களுக்குப் பதில் சொல்லும்.

இரண்டாவது, மடித்து அடுக்கும் வீடுகளுக்கு. துவைத்து மடித்த துணியை எப்போதும் அடுக்கின் மேலே வையுங்கள். உடுத்தாதவை தாமாகவே அடிக்குப் போய்விடும். அந்த அடி அடுக்கைக் கவனியுங்கள்.

மூன்றாவது, முழுக் கணக்கு. பீரோக் கதவின் உட்பக்கம் ஒரு தாளை ஒட்டி, ஒவ்வோர் ஆடையின் பெயரையும் எழுதி, உடுத்தும் ஒவ்வொரு தடவையும் ஒரு கோடு போடுங்கள். முஹர்ரமிலிருந்து துல்ஹஜ் வரை ஒரு ஹிஜ்ரி ஆண்டு முழுக்கச் செய்தால் இரண்டு பெருநாளும், கல்யாண வீடுகளும், மழையும் வெயிலும் எல்லாம் அதில் வந்துவிடும்.

பிறகு விலையை எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். 400 ரூபாய்க்கு வாங்கிய கைலியை 200 நாள் உடுத்தினால் ஒரு நாளைக்கு 2 ரூபாய். 900 ரூபாய் வெள்ளைச் சட்டையை 90 தடவை போட்டால் ஒரு தடவைக்கு 10 ரூபாய். நிக்காஹுக்கு எடுத்த 8,000 ரூபாய் ஷேர்வானியை இரண்டு தடவை போட்டால் ஒரு தடவைக்கு 4,000 ரூபாய். "தள்ளுபடியில் மலிவாகக் கிடைத்தது" என்று 300 ரூபாய்க்கு வாங்கி ஒருமுறைகூடப் போடாத சட்டைக்கு இந்தக் கணக்கே கிடையாது. அந்த 300 ரூபாய் அப்படியே போய்விட்டது. எது மலிவு, எது விலை அதிகம் என்பது கடை விலைச்சீட்டில் தெரிவதில்லை. நம் உடம்பில் ஏறிய பிறகுதான் தெரிகிறது.

இப்படிச் சொல்லும்போது ஆண்கள் சிலர், "இது பெண்களுக்குச் சொல்ல வேண்டிய பயான்" என்று சிரிப்பார்கள். முதலில் உங்கள் சட்டைகளை எண்ணிப் பாருங்கள். பெருநாளுக்குப் பெருநாள் எடுத்த ஜிப்பாக்களை எண்ணுங்கள். இடுப்பு பெருத்ததால் போட முடியாமல், "இளைத்த பிறகு போடலாம்" என்று வைத்திருக்கும் பேண்ட்டுகளை எண்ணுங்கள். அதற்குப் பிறகு வீட்டில் உள்ளவர்களிடம் பேசலாம்.

பொருளைச் சேர்த்து எண்ணி எண்ணி வைப்பவனை ஹுமஸா அத்தியாயம் கண்டிக்கிறது. அது ஆசையோடு எண்ணும் எண்ணிக்கை. விசாரணைக்குப் பயந்து எண்ணுவது முஹாஸபா. ஒரே பீரோவைத் திறந்து இரண்டு விதமாகவும் எண்ணலாம். நிய்யத்தைச் சரிசெய்துகொள்ளுங்கள்.

நல்ல ஆடை உடுத்தக் கூடாதா?

இங்கே ஒரு கேள்வி எழும். "ஹஜ்ரத், மார்க்கம் நல்ல ஆடை உடுத்தத்தானே சொல்கிறது? ஜும்ஆவுக்கும் பெருநாளுக்கும் அழகாக வரச் சொல்கிறீர்களே!"

உண்மைதான். அபுல் அஹ்வஸ் (ரஹ்) அவர்களின் தந்தை மட்டமான ஆடையோடு நபி (ஸல்) அவர்களிடம் வந்தார்கள். "உம்மிடம் பொருள் இருக்கிறதா?" என்று நபியவர்கள் விசாரித்தார்கள். ஒட்டகம், ஆடு, குதிரை என்று அவரிடம் நிறைய இருந்தது தெரிந்தது. அல்லாஹ் பொருளைக் கொடுத்திருக்கும்போது அவனுடைய அருளின் அடையாளம் உம்மீது தெரியட்டும் என்று நபியவர்கள் அறிவுறுத்தினார்கள். (அபூதாவூத்)

இந்த ஹதீஸை எடுத்துக்கொண்டு நம் பீரோக்களைப் பாருங்கள். அருளின் அடையாளம் எங்கே தெரிய வேண்டும்? மனிதர் மீது. பூட்டிய கதவுக்குப் பின்னால் தெரிந்து என்ன பயன்? நம் தாய்மார்கள் பலர் நல்ல புடவையைப் பத்திரமாக மடித்து வைத்துவிட்டு, நைந்த புடவையில் வாழ்நாளைக் கழிக்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது: உம்மா! உங்கள் பிள்ளைகள் ஆசையாக எடுத்துக் கொடுத்ததை உடுத்துங்கள். அல்லாஹ்வுக்கு ஷுக்ர் செய்து உடுத்துங்கள். எந்த நல்ல நாளுக்காகக் காத்திருக்கிறீர்கள்? அல்லாஹ்வின் முன்னால் தொழுகையில் நிற்கும் நேரத்தைவிட நல்ல நேரம் ஏது?

ஆக, உடுத்தாமல் வைத்திருப்பது எளிமை ஆகிவிடாது. வாங்கிக் குவிப்பது ஷுக்ரும் ஆகிவிடாது. உண்ணுங்கள், பருகுங்கள், உடுத்துங்கள், தர்மமும் செய்யுங்கள். ஆனால் அவற்றில் வீண்விரயமும் பெருமையும் கலக்க வேண்டாம் என்பதே நபியவர்கள் போட்டுக் கொடுத்த எல்லை. (நஸாயீ, இப்னுமாஜா) செலவழித்தால் வீண்விரயமும் செய்யாமல், கஞ்சத்தனமும் செய்யாமல் நடுநிலையாக இருப்பார்கள் என்று ரஹ்மானின் அடியார்களைக் குர்ஆன் வர்ணிக்கிறது (25:67). அந்த நடுநிலையில் நாம் எங்கே நிற்கிறோம் என்பதைக் காட்டுவதுதான் இந்தக் கணக்கு.

ஒரே ஆடை, எத்தனை பயன்!

நபியவர்களின் காலத்தில் ஓர் ஆடை எப்படிப் பயன்பட்டது என்று பாருங்கள்.

ஆயிஷா (ரலி) அவர்களிடம் ஐந்து திர்ஹம் பெறுமானமுள்ள ஓர் ஆடை பிற்காலத்தில் இருந்தது. அதை வீட்டுக்குள் உடுத்துவதற்குக்கூட அவர்களுடைய பணிப்பெண் கௌரவக் குறைவாக நினைத்தாள். அதைச் சொல்லிவிட்டு அன்னையவர்கள் பழைய நாட்களை நினைவுகூர்ந்தார்கள். நபியவர்களின் காலத்தில் இதே வகை ஆடை அவர்களிடம் ஒன்று இருந்தது. மதீனாவில் எந்தப் பெண்ணை மணப்பெண்ணாக அலங்கரித்தாலும், அந்த ஆடையை இரவல் கேட்டு ஆயிஷா (ரலி) அவர்களிடம்தான் ஆள் அனுப்புவார்களாம். (புகாரி)

சுப்ஹானல்லாஹ்! ஓர் ஆடை, ஊர் முழுக்க மணப்பெண்கள். கொடுத்தவர் உம்முல் முஃமினீன். இரவல் வாங்கியவர்களுக்கு அதில் எந்தக் குறையும் இல்லை. இன்று நம் வீடுகளில் ஒவ்வொரு மணப்பெண்ணுக்கும் பல்லாயிரம் ரூபாயில் பட்டு எடுக்கிறோம். சிலர் கடன் வாங்கி எடுக்கிறார்கள். அது ஒரு நாளோ இரண்டு நாளோ உடுத்தப்பட்டு, பிறகு பெட்டிக்குள் போய்விடுகிறது. கடன் மட்டும் வெளியே நிற்கிறது. அக்காவின் நிக்காஹ் புடவையைத் தங்கை உடுத்தினால் என்ன குறைந்துவிடும்? மஹல்லாவில் வசதியுள்ள ஒரு வீட்டார் தங்கள் மகளின் நிக்காஹ் உடையை அடுத்த ஏழைக் குமருக்கு இரவல் தந்தால், அந்தத் தகப்பனின் தலையிலிருந்து எவ்வளவு பாரம் இறங்கும்!

இன்னொரு சம்பவம். ஒரு பெண்மணி தன் கையாலேயே ஒரு போர்வையை நெய்து நபியவர்களுக்குக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அது அவர்களுக்குத் தேவையாகவும் இருந்தது. அதை உடுத்தி வெளியே வந்தார்கள். தோழர் ஒருவர் அதைத் தமக்குத் தரும்படி கேட்டதும் கொடுத்துவிட்டார்கள். "நபியவர்களுக்கே தேவையாக இருந்ததைக் கேட்டுவிட்டீரே" என்று மற்றவர்கள் கடிந்துகொண்டார்கள். அதைத் தம் கஃபனாக்கிக்கொள்ளவே கேட்டதாக அவர் பதில் சொன்னார். அப்படியே அது அவருடைய கஃபனாக ஆனது என்று ஸஹ்ல் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். (புகாரி) தேவையுள்ள ஆடையையே கேட்டவுடன் கொடுத்தார்கள் நம் நபி. நம்மால் தேவையில்லாததைக்கூடக் கொடுக்க முடியவில்லை.

உமர் (ரலி) அவர்கள் அமீருல் முஃமினீனாக இருந்த காலத்தில், அவர்களின் இரு தோள்களுக்கிடையே ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று ஒட்டுப் போட்டிருந்ததைத் தாம் பார்த்ததாக அனஸ் (ரலி) அவர்கள் சொல்லும் செய்தி முவத்தாவில் உள்ளது. உடுத்திக் கிழித்தது என்ற ஹதீஸுக்கு இதைவிட விளக்கம் வேண்டுமா?

நம் ஆடையும் பிறர் உரிமையும்

நாம் உடுத்தாத ஆடையில் நம் பணம் மட்டும் வீணாவதில்லை. ஒரு பருத்தி டி-சர்ட்டுக்குப் பருத்தி விளைவதிலிருந்து கணக்கிட்டால் சுமார் 2,700 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஓடும் ஆற்றில் வுளூ செய்தாலும் தண்ணீரை விரயம் செய்யக் கூடாது என்று கற்பிக்கப்பட்ட உம்மத் நாம்.

இது எங்கோ நடக்கும் விஷயமும் இல்லை. திருப்பூர்ச் சாயக்கழிவு நொய்யல் ஆற்றில் கலந்ததை நாம் அறிவோம். பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியது. அணைத் தண்ணீரைத் திறந்துவிட வேண்டாம் என்று விவசாயிகளே போராடும் நிலை வந்தது. 2011இல் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிடும் அளவுக்குப் போனது. அந்தத் தொழிலில் நம் சகோதரர்கள் பலர் ஹலாலாகச் சம்பாதிக்கிறார்கள். அதைக் குறை சொல்லவில்லை. ஆடை மனிதனுக்குத் தேவை. ஆனால் யாருமே உடுத்தாத ஓர் ஆடைக்காக ஒரு விவசாயியின் நிலம் கெட்டிருந்தால், அதற்கு நாம் என்ன பதில் சொல்வோம்?

பொருளை எங்கிருந்து சம்பாதித்தாய், எதில் செலவழித்தாய் என்று விசாரிக்கப்படாமல் மறுமையில் ஓர் அடியானின் பாதங்கள் நகராது என்ற கருத்துள்ள ஹதீஸை நாம் அடிக்கடி கேட்கிறோம். (திர்மிதி) அந்த இரண்டாவது கேள்விக்கான பதிலில் நம் பீரோவும் அடங்கும்.

கணக்கு முடிந்தபின் செய்ய வேண்டியவை

கணக்கெடுத்துவிட்டு வருத்தப்பட்டால் மட்டும் போதாது. உடுத்தாத ஒவ்வோர் ஆடையையும் கையில் எடுத்து ஒரு முடிவு செய்யுங்கள்.

உடுத்த முடிந்ததை உடுத்துங்கள். வரும் நாட்களில் ஜும்ஆவுக்கு, உறவினர் வீட்டுக்கு, தொழுகைக்கு என்று அதற்கு வேலை கொடுங்கள்.

அளவு சரியில்லாததையும் பொத்தான் போனதையும் தையற்காரரிடம் கொடுத்துச் சரிசெய்யுங்கள். சில ரூபாய்ச் செலவில் ஓர் ஆடை மறுபடி உங்களுடையதாகிவிடும்.

எப்போதாவது மட்டுமே தேவைப்படுவதை இரவல் கொடுங்கள். இஹ்ராம் துணி, குளிர்நாட்டுப் பயணத்துக்கு வாங்கிய ஸ்வெட்டர், நிக்காஹ் உடை போன்றவை ஒருவரிடம் அடிக்கடி பயன்படாது. அது குற்றமில்லை. கேட்பவருக்கு மனம் கோணாமல் கொடுப்பதே அவற்றின் பயன்.

மீதியைத் தர்மம் செய்யுங்கள். இதில் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

ஒன்று, நல்லதைக் கொடுங்கள். நமக்கு யாராவது கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்குவோம் என்கிற மட்டமான பொருளைத் தர்மத்துக்குத் தேட வேண்டாம் என்று குர்ஆன் தடுக்கிறது (2:267). நிவாரணத்துக்கு வந்த துணி மூட்டைகளைப் பிரித்த நம் இளைஞர்களிடம் கேட்டுப் பாருங்கள். கிழிந்தது, கறை படிந்தது, துவைக்காதது என்று வந்ததைப் பிரித்து ஒதுக்குவதற்கே அவர்களுக்கு ஒரு நாள் போய்விட்டது. கந்தலானால் தரை துடைக்க வையுங்கள். தர்மம் என்று பெயர் வைக்காதீர்கள். பிரியமானதைச் செலவழிக்காதவரை நன்மையை அடைய முடியாது என்பதும் குர்ஆனின் போதனைதான் (3:92). துவைத்து, இஸ்திரி போட்டு, மரியாதையாகக் கொடுங்கள்.

இரண்டு, உங்களுடையதை மட்டும் கொடுங்கள். மனைவியின் ஆடை மனைவியின் சொத்து. வளர்ந்த பிள்ளைகளின் ஆடை அவர்களுடைய சொத்து. பயானைக் கேட்ட வேகத்தில் வீட்டுக்குப் போய் அடுத்தவர் பீரோவைக் காலி செய்துவிடாதீர்கள்! கேட்டு, சம்மதம் வாங்கி, அவர்கள் கையாலேயே கொடுக்கச் செய்யுங்கள்.

மூன்று, ஒரு மஸ்அலா. நாம் உடுத்தும் ஆடைகளுக்கு ஜகாத் இல்லை. வியாபாரத்துக்கு வைத்திருக்கும் துணிகளுக்குத்தான் ஜகாத். ஆனால் ஹனஃபி மத்ஹபில், தேவைக்கு மிஞ்சிய பொருட்களின் மதிப்பு நிஸாபை எட்டினால், அவர் மீது ஃபித்ராவும் குர்பானியும் வாஜிபாகும். அவர் ஜகாத் வாங்கவும் கூடாது. தேவைக்கு மிஞ்சிய ஆடைகளும் இந்தக் கணக்கில் சேரும். பீரோவில் பட்டாக அடுக்கி வைத்துக்கொண்டு, "என்னிடம் ஒன்றுமில்லை" என்று சொல்வதற்கு முன் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

கடைசியாக, வாங்கும் பழக்கம். புதிய ஆடையை உடுத்தி அல்லாஹ்வைப் புகழ்ந்துவிட்டுப் பழைய ஆடையைத் தர்மம் செய்பவர், வாழ்விலும் மரணத்திலும் அல்லாஹ்வின் பாதுகாப்பில் இருப்பார் என்ற கருத்தில் உமர் (ரலி) அவர்கள் வழியாக ஒரு ஹதீஸ் திர்மிதியில் வருகிறது. அதன் அறிவிப்பாளர் தொடரில் பலவீனம் உண்டு என்று ஹதீஸ்கலை அறிஞர்கள் குறிப்பிடுகிறார்கள். ஆனாலும் ஒன்று உள்ளே வந்தால் ஒன்று வெளியே போக வேண்டும் என்ற பழக்கம் நம்மைக் காக்கும் நல்ல பழக்கம். கடையில் நிற்கும்போது இதை எத்தனை தடவை உடுத்துவேன் என்று ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் திரும்ப வைத்துவிடுங்கள். வரும் பெருநாளுக்கு மூன்று எடுக்கும் இடத்தில் ஒன்று உங்களுக்கு, ஒன்று ஓர் எத்தீம் பிள்ளைக்கு என்று எடுத்துப் பாருங்கள். பெருநாள் தொழுகையில் இரண்டு உடைகளும் ஒரே ஸஃப்பில் நிற்கட்டும்.

கடைசி ஆடை

அபூபக்ர் ஸித்தீக் (ரலி) அவர்கள் மௌத்தின் நோயில் இருந்தபோது, தம் உடலில் இருந்த பழைய ஆடையைப் பார்த்தார்கள். இதைத் துவைத்து, இதோடு இன்னும் இரண்டு துணிகளைச் சேர்த்துத் தமக்குக் கஃபனிடும்படி ஆயிஷா (ரலி) அவர்களிடம் சொன்னார்கள். "இது பழையதாயிற்றே" என்று மகளார் தயங்கியபோது, புதிய ஆடைக்கு இறந்தவரைவிட உயிரோடிருப்பவரே அதிகத் தகுதியுடையவர் என்று விளக்கினார்கள். (புகாரி)

மரணத் தறுவாயிலும் அந்தப் பெருமகனார், புதிய துணி யாருக்குப் பயன்படும் என்று யோசித்தார்கள். உயிரோடு நன்றாக இருக்கும் நாம் யோசிக்க வேண்டாமா?

ஒரே ஒரு தடவை உடுத்துவதற்கென்றே ஓர் ஆடை உண்டு என்றால் அது கஃபன்தான். ஆணுக்கு மூன்று துணி, பெண்ணுக்கு ஐந்து துணி. அதை நாம் தேர்ந்தெடுப்பதும் இல்லை, நாமாக உடுத்திக்கொள்வதும் இல்லை. அது நம்மீது போர்த்தப்படும் நாளில் நம் பீரோச் சாவி வேறொருவர் கையில் இருக்கும். அவர் திறந்து பார்க்கும்போது அங்கே என்ன இருக்க வேண்டும்? நன்றாக உடுத்திப் பழசான சில ஆடைகள் இருந்தால் போதும். மீதியெல்லாம் நமக்கு முன்பே போய்ச் சேர்ந்திருக்கட்டும்.

இன்று அஸருக்கு முன் பீரோவைத் திறந்து ஹேங்கர்களைத் திருப்பி மாட்டுங்கள். முதல் கோட்டைப் போடுங்கள். வீட்டில் உங்கள் உம்மா இருந்தால், மடித்து வைத்திருக்கும் நல்ல புடவை ஒன்றை எடுத்து அவர்கள் கையில் கொடுங்கள். "இன்னைக்கு இதைக் கட்டுங்கம்மா" என்று சொல்லுங்கள்.

யா அல்லாஹ்! நீ உடுத்தக் கொடுத்ததற்கு நன்றி செலுத்தும் அடியார்களாக எங்களை ஆக்குவாயாக! வீண்விரயத்தை விட்டும், பெருமையை விட்டும், கஞ்சத்தனத்தை விட்டும் எங்களைக் காப்பாயாக! உடுத்த ஆடையில்லாதவர்களுக்கு எங்கள் கைகளால் உடுத்தும் பாக்கியத்தைத் தருவாயாக! எங்களுக்கு முன் சென்றுவிட்ட எங்கள் பெற்றோருக்குச் சொர்க்கத்தின் பட்டாடைகளை அணிவிப்பாயாக! தக்வா எனும் ஆடையோடு உன்னைச் சந்திக்கும் கூட்டத்தில் எங்களையும் சேர்த்தருள்வாயாக!

ஆமீன். யா ரப்பல் ஆலமீன்.